கருத்துக் கேட்புக்கு ஒரு மைக் செட்

ஊரில் அவரை ஹலோ அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எந்த மேடையானாலும் முதலில் ஏறுவது அவர்தான். மைக்கை விரலால் தட்டி, "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்பார். பிறகு இறங்கிவிடுவார். அவர் மேடையில் பேசியதெல்லாம் அவ்வளவுதான்.

கடைவீதியில் ஷட்டர் போட்ட ஒற்றை அறை. அதில் கூரை வரைக்கும் குழாய் ஸ்பீக்கர்கள், சிக்கெடுத்துச் சுருட்டிய ஒயர்கள், சூடேறினால் ஒருவித வாசனை வரும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். கல்யாணம், கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம், பள்ளி விளையாட்டு விழா எதுவும் அவரில்லாமல் நடக்காது என்று ஒரு காலம் இருந்தது.

அந்தக் காலத்தை முடித்து வைத்தது சுற்றுச்சூழல் அமைச்சகம். காற்று மாசு, நீர் மாசு மாதிரி சத்தமும் ஒரு மாசுதான் என்று தலைநகரத்தில் ஒரு விதி போட்டார்கள். குழாய் ஸ்பீக்கருக்குத் தடை. சத்தத்தை அளக்கும் கையடக்கமான ஒரு கருவியோடு ஆட்கள் வந்து, ஒரு கல்யாண மண்டப வாசலில் அவருடைய செட்டுக்கு முன்னால் அதைப் பிடித்தார்கள். அவர் இன்னும் ஸ்விட்சே போடவில்லை. அந்த வழியாகப் போன பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. முள் எகிறியது. நோட்டீஸ் அவருக்கு வந்தது.

"பஸ்ஸு அடிச்சதுக்கு எனக்கு ஏன் சார் நோட்டீஸ்?"

"பஸ்ஸு போயிடுச்சு. நீங்கதானே நிக்கிறீங்க?"

அதோடு பிழைப்பில் மண் விழுந்தது. ஜனங்கள் சின்னப் பெட்டி ஸ்பீக்கரை வாங்கி போனோடு இணைத்துக்கொண்டார்கள். ஹலோ அண்ணன் மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அமைச்சகத்தைத் திட்டுவார். அவருடைய மனைவி, "சாப்பிடுறப்ப வேண்டாங்க, செரிக்காது" என்பார்.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்பவர் அவர். எந்த பஸ் எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்பதை ஊரே அவர் குரலில்தான் கேட்டது. கல்யாணத்துக்கு முன், நிலையத்து ஸ்பீக்கர் கரகரத்தபோது ரிப்பேர் பார்க்கப் போனவர்தான் ஹலோ அண்ணன். ஸ்பீக்கரில் கணீரென்று கேட்ட குரலுக்குச் சொந்தக்காரி, நேரில் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தார். "என்ன சொன்னீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டே கல்யாணம் வரைக்கும் போய்விட்டது.

வேலையில்லாமல் கிடந்தவரைத் தேடி ஒருநாள் அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். மறுபடி நோட்டீஸ்தான் என்று ஹலோ அண்ணன் நினைத்தார். ஆனால் வந்தவர் வேறு பிரிவு. பெரிய ஆலையோ குவாரியோ வருவதற்கு முன்னால் அந்த வட்டாரத்து ஜனங்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று அமைச்சகத்தில் இன்னொரு விதி இருந்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அதற்குப் பெயர். ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்து தலைநகரத்துக்கு அனுப்புவார்கள். அனுமதி கொடுப்பதா இல்லையா என்று அங்கே முடிவாகும். பேசுவதற்கு மைக் வேண்டும் அல்லவா?

வாயை மூடு என்று சொன்ன அமைச்சகமே வாயைத் திறக்க ஆள் தேடி வந்தது. ஹலோ அண்ணன் மறுபேச்சு பேசாமல் செட்டைத் தூசி தட்டினார். அன்று இரண்டு வேளையும் யாரையும் திட்டாமல் சாப்பிட்டார்.

முதல் கூட்டம் ஒரு குவாரியை விரிவாக்குவதற்கு. மேடையில் மண்டல அதிகாரி. ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர், யாரையும் ஒருமையில் அழைக்காதவர். கம்பெனிக்காரர்கள் படம் போட்டு விளக்கி முடித்ததும், வெடி வைத்ததில் சுவர் விரிந்த வீட்டுக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கூட்டம் அவர் பின்னால் எழுந்து நின்றது. சரியாக அந்த நேரத்தில், பல மாதம் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபயர் புகைந்து செத்தது. ஹலோ அண்ணன் பதறிப்போய்த் திருப்புளியோடு உட்கார்ந்தார். அதற்குள் டீ கொடுத்தார்கள். ரிப்பேர் முடிவதற்குள் பாதிப் பேர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போயிருந்தார்கள். மீதிப் பேருக்கு டீயோடு கோபமும் இறங்கியிருந்தது.

இத்தோடு கதை முடிந்தது, இனி கூப்பிட மாட்டார்கள் என்று ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் அதிகாரி வந்தார்.

"நல்ல செட்டுங்க" என்றார். "இனிமே எல்லாக் கூட்டத்துக்கும் நீங்களே வந்துடுங்க."

ஹலோ அண்ணனுக்கு முதலில் கிண்டல் என்று தோன்றியது. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது பாதி வழியில்தான் விஷயம் புரிந்தது.

அதன் பிறகு அதிகாரி ஒருமுறைகூட வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. கூட்டம் சூடேறினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஹலோ அண்ணன் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், கால் எட்டுகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருந்தார். அதை மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. "மைக் ரிப்பேர், கொஞ்சம் பொறுங்க" என்று யாராவது சொல்வார்கள். டீ வரும். கோபம் ஆறுகிற அளவுக்குத்தான் நிறுத்துவார், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லை என்பதில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. 'ஆலையைக் கட்டுறது நானா? அனுமதி குடுக்கிறது நானா? கொஞ்ச நேரம் சத்தத்தைக் குறைக்கிறேன். சத்தம் மாசுன்னு அவங்கதானே சொன்னாங்க?' இந்த நியாயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. சாயத் தொழிற்சாலை, சிமென்ட் ஆலை, நெடுஞ்சாலை என்று கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. மகளைப் படிக்க வைத்து வெளியூரில் கட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு மாடி எடுத்தார்.

அந்த வீடு ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. தெருவுக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி. அதற்கப்பால் ஆறு. தலைநகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றுக்கு அந்த வெட்டவெளிதான் பொருத்தம் என்று யாரோ முடிவு செய்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். கூடவே ஆய்வறிக்கையின் சுருக்கமும் வந்தது. பஸ் நிலையத்துப் பலகையில் ஒட்டியிருந்த அதைப் படித்துவிட்டு மனைவி வீட்டுக்கு வந்தார்.

"ஏங்க, நம்ம தெரு இருக்குதா இல்லையா?"

"என்ன சொன்னே?" என்றார் வழக்கம்போலக் காதில் விழாமல்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பஸ் அறிவிக்கும் அதே குரலில் ஒப்பித்தார். "'திட்ட இடத்தைச் சுற்றிலும் குடியிருப்பு எதுவும் இல்லாத தரிசு நிலம் உள்ளது.' அப்படிப் போட்டிருக்கு. சுத்திலும்னா நாமதானே? நாம இல்லையாம்."

மச்சான் அப்போது வீட்டில்தான் இருந்தார். மனைவியின் தம்பி, அதே தெருவில் குடியிருக்கும் லாரி மெக்கானிக். கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இருக்கும். "கூட்டம் நடக்கட்டும் மாமா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன். செட்டு உங்களோடதுதானே? மைக்கை என்கிட்ட குடுத்துட்டுத் தள்ளி நின்னுக்குங்க."

ஹலோ அண்ணன் தலையாட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி போன் செய்தார். "உங்க பக்கத்துலேயே கூட்டம். உங்களுக்கு வண்டி வாடகை மிச்சம்" என்று சிரித்தார். கொஞ்சம் நிறுத்தி, "வழக்கம்போல" என்றார்.

கூட்டத்தன்று காலையில் ஹலோ அண்ணன் கடையைத் திறந்து உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார். ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் கால் ஸ்விட்சைப் பிடுங்கி எறிந்தார். ஸ்விட்ச் இருந்தால் கால் தன்னால் அங்கே போய்விடும், பழகிய கால் என்று பயம். வெட்டின ஒயர்களைச் சேர்த்துப் பற்றவைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு செட் பழுதாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வேலை செய்தார்.

பள்ளிக்கூட அரங்கில் கூட்டம். தெருவே திரண்டிருந்தது. கம்பெனிக்காரர் பேசினார். புகைபோக்கியில் வருவது புகையே இல்லை, நீராவி மாதிரி என்றார். மைக் பிரமாதமாக வேலை செய்தது. ஒரு கரகரப்பு இல்லை. அடுத்து மச்சான் எழுந்து மைக்கை வாங்கினார்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்..."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். ஹலோ அண்ணன் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு காலையும் நாற்காலிக்கு மேலே மடக்கி வைத்துக்கொண்டார்.

கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. மைக் செத்தது.

அவர் குதித்து இறங்கினார். மூடியைத் திறந்தார். காலையில் பற்றவைத்த இடம் சூட்டில் விட்டுப்போயிருந்தது. அதோடு நிற்காமல், விடுபட்ட ஒயர் பக்கத்தில் எதையோ தொட்டுப் பலகையே கருகியிருந்தது. கால் ஸ்விட்ச் இருந்தவரை அந்த இடத்தில் ஒரு கோளாறும் வந்ததில்லை. அதை எடுத்ததுதான் கோளாறு.

அதிகாரி அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நன்றி சொல்கிற தலையசைப்பு. அதைக் கூட்டமும் பார்த்தது.

மச்சான் மைக் இல்லாமலே கத்தினார். கூட அத்தனை பேரும் கத்தினார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஹலோ அண்ணனின் மனைவி எழுந்து மேடைக்கு முன்னால் போனார். மைக் இல்லாமல் அவர் குரல் எங்கே எட்டும்? அதிகாரிக்கு எதுவும் காதில் விழவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு மேஜை மேல் பாதி உடம்பு சாய்ந்து குனிந்தார். இத்தனை வருடக் கூட்டங்களில் அவர் அப்படிக் குனிந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னம்மா சொல்றீங்க?"

"தரிசு நிலம்னு போட்டிருக்கீங்களே, அதுல நான் குடியிருக்கேன் சார்."

"அது வந்து... அறிக்கை எழுதுனது கம்பெனி தரப்பு..."

"அது இருக்கட்டும் சார். நான் இருக்கேனா இல்லையா, அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

அதிகாரி கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். "இருக்கீங்கம்மா" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்தப் பேச்சைக் கேட்டது மேடையில் இருந்த மூன்று நான்கு பேர்தான்.

கூட்டம் கலைந்ததும் மச்சான் வந்து ஹலோ அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்தார். "எவ்வளவு வாங்குனீங்க மாமா? சொந்தத் தெருவையே வித்துட்டீங்களே!"

"டேய், சத்தியமா தானா போச்சுடா! இந்த ஒரு தடவைதான்டா தானா போச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மச்சானின் பிடி இறுகியது. "அப்போ மத்த தடவை?"

மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தார். வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள் ஹலோ அண்ணன் மனைவியின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் பஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். எங்கும் போகாத ஒருவருக்கு எல்லா ஊர் பஸ்ஸும் அறிவிக்கப்படும்.

தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பால்காரர்கூடப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார்.

இதற்கிடையே விஷயம் தலைநகரம் போய்ச் சேர்ந்தது. பதிவு செய்யும் கருவியை ஆம்ப்ளிஃபயரில்தான் செருகியிருந்தார்கள். அதனால் பதிவில் கம்பெனிக்காரரின் பேச்சு முழுசாக இருந்தது. பிறகு "நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்று ஒரு குரல், ஒரு கீச். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மற்றக் கூட்டங்களில் டீக்குப் பிறகாவது நாலு பேர் பேசி ஒப்பேற்றிவிடுவார்கள். இதில் அந்த நாலு பேரும் இல்லை. மக்கள் வாயே திறக்காத கருத்துக் கேட்பை எப்படி ஏற்பது என்று அமைச்சகத்தில் யாரோ ஒரு சட்டம் தெரிந்தவர் மடக்கினார். யாராவது கோர்ட்டுக்குப் போனால் தலை உருளும் என்று மேலே பயந்தார்கள். கூட்டம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து எல்லாம் நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்பெனிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் வேறு இடம் பார்த்துக்கொண்டது.

செய்தி வந்த சாயங்காலம் மச்சான் ஓடிவந்து, எந்தக் காலரைப் பிடித்தாரோ அந்தக் காலரோடு சேர்த்து ஹலோ அண்ணனைக் கட்டிக்கொண்டார்.

"மாமா! என்ன மூளை மாமா உங்களுக்கு! பதிவே இல்லாம பண்ணி மொத்தத்தையும் கவுத்துட்டீங்களே! என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் ஒண்ணும் பண்ணலடா. ஒயர் விட்டுப்போச்சு."

"பாத்தீங்களா, இப்பவும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு!" என்று மச்சான் தெருவைப் பார்த்துச் சொன்னார். தெரு கை தட்டியது.

ஹலோ அண்ணன் வீட்டுக்குள் வந்தார். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீயாவது நம்புறியா?"

வெகு நாளைக்குப் பிறகு அவர் வாய் திறந்தார். "அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்த்தேன். தானாத்தான் போச்சு."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் பேசல?"

"மத்த நாளுக்கு" என்றார் மனைவி.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றிலிருந்து ஹலோ அண்ணன் மாறிப்போனார் என்பது உண்மை. அமைச்சகமும் மாறியிருந்தது. எல்லாக் கூட்டத்துக்கும் இனி இரண்டு செட் இருக்க வேண்டும், ஒன்று போனால் மற்றது உடனே பேச வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கெட்டுப்போன செட்டால் ஹலோ அண்ணனுக்கு வேலை இரண்டு மடங்கானது. அவரும் புதிதாக இரண்டு செட் வாங்கினார்.

அந்தக் கரைக் கூட்டத்துக்கு முன்னால், அங்கே சலூன் வைத்திருப்பவர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே கெஞ்சினார்.

"அண்ணே, உங்க தெருவுக்குச் செஞ்சதை எங்களுக்கும் செஞ்சு குடுங்க. அதே மாதிரி ஒரு பழுது."

ஹலோ அண்ணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இல்ல தம்பி. அந்த வேலையே இனிமே வேண்டாம்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க ஆளுங்க பேசுற ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

சலூன்காரர் அரைமனதாகத்தான் போனார்.

கூட்டத்தன்று மனைவி லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதிகாரி இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தார். ஹலோ அண்ணன் நேராக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மைக் வேலை செய்தது. மீனவர் பேசினார், பள்ளி ஆசிரியை பேசினார், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அழுதுகொண்டே பேசினார், அந்த அழுகைகூடத் துல்லியமாகப் பதிவானது. ஆலை வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது ஹலோ அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. "இன்னிக்குத்தான் ஒழுங்கா வேலை பார்த்த மாதிரி இருக்கு" என்றார். மனைவி அவர் கையின் மேல் கையை வைத்தார்.

அமைச்சகம் அடுத்த மாதமே அனுமதி கொடுத்தது. உத்தரவில் இப்படி இருந்தது: 'கருத்துக் கேட்புக் கூட்டம் முன்மாதிரியாக நடத்தப்பட்டுள்ளது. மக்களின் கருத்துகள் அனைத்தும் தெளிவாகக் கேட்கப்பட்டன.'

ஹலோ அண்ணன் நேராக மண்டல அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"சார், ஒருத்தர்கூட வேணும்னு சொல்லலையே சார்?"

"சொல்லலைங்க. நானும் எல்லாத்தையும் அப்படியே அனுப்பி வெச்சேன். உங்க பதிவு அவ்வளவு சுத்தம், மேல பாராட்டுனாங்க."

"அப்புறம் எப்படி சார்?"

"கேக்கணும்ங்கிறதுதான் விதி" என்றார் அதிகாரி, கொஞ்சம் சங்கடத்தோடுதான். "கேட்டபடி நடக்கணும்னு விதியில எங்கயும் இல்லைங்க."

ஹலோ அண்ணன் தண்ணீரைக் குடிக்காமல் எழுந்தார். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது போகவில்லை. வேறு செட்காரர் போனார். அவருக்கும் கால் இருந்தது.

சலூன்காரர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து நாள்கணக்காகக் கடையில் காத்திருந்தார். அவர் வரவில்லை. கடைசியில் இவரே ஆற்றைக் கடந்து போய் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் துணியைப் போர்த்தி, கத்தரியை எடுத்தார். பாதி வெட்டியதும் சொன்னார்.

"நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் கேட்டுச்சுண்ணே. எங்க ஊர் கடைசி வீடு வரைக்கும் கேட்டுச்சு."

"கேஸ் போடுங்க தம்பி. பதிவோட நகல் நான் தர்றேன். எங்க வேணாலும் வந்து சாட்சி சொல்றேன்."

அப்படித்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட், அமைச்சகத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அமைச்சகம் புதிதாக ஓர் ஆய்வுக் குழு போட்டிருக்கிறது. குழு அவகாசம் கேட்டிருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆலையும் நடந்துகொண்டிருக்கிறது. மச்சானுக்கு அங்கே குப்பை லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்துவிட்டது. முதலில் ஒளித்து ஒளித்துப் போனார், இப்போது சீருடையிலேயே போகிறார். காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாட்களில் தெருவில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

வாய்தா வரும் நாளில் ஹலோ அண்ணனும் சலூன்காரரும் ஒன்றாகத் தலைநகரம் போகிறார்கள். இரண்டு சீட் மனைவி சொல்லிவைத்துவிடுவார். போன தடவை நீதிபதி பதிவைக் கொஞ்சம் போட்டுக் காட்டச் சொன்னாராம். அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண்ணின் குரல் அறையில் வந்ததும் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சலூன்காரர் வந்து சொன்னார்.

"அப்புறம்?" என்று கேட்டார் மனைவி.

"அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிருக்காங்க" என்றார் ஹலோ அண்ணன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.